தண்ணி ஊத்தாதீங்க... அது தூங்குது!



இன்டர்னல்ஸ் எல்லாம் எப்படிப் போச்சு? சரி, முறைக்காதீங்க... கேட்கலை!

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி. ஒரு செடி எதனால சாகும்? 'தண்ணி ஊத்தலைன்னா சாகும்'னு கடைசி பெஞ்ச்லேர்ந்து சத்தம் வருது. கரெக்ட்தான். ஆனா, பாதி மார்க்தான் தருவேன். மீதிப் பாதி, பாசத்தோட தினமும் தண்ணி ஊத்தினாலும் சாகும். அந்த மீதிப் பாதியை எனக்குப் புரியவெச்சது ஒரு நீலப் பூ. அது நம்ம ஊர்ப் பூ இல்லை. ஆனா, அது சொல்ற சேதி நம்ம ஹாஸ்டல் ரூம் வரைக்கும் வரும். கேளுங்க.

எனக்கு ஒரு ரூம்மேட் இருந்தா. மூணு வருஷம் ஒரே ரூம், ஒரே பக்கெட், ஒரே ஊறுகாய் பாட்டில். ஜன்னலோரம் மணி பிளான்ட் வெச்சு, அதையே காயவிட்ட புண்ணியவதி! இப்ப அமெரிக்காவுல, கலிஃபோர்னியா மாநிலத்தோட தலைநகர் சாக்ரமென்டோவுல இருக்கா. 2021 ஜூலை மாசம், காலங்காத்தால அவகிட்டேர்ந்து போன். குரல் கம்மியிருக்கு.

"செத்துப்போச்சுடி..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஐயையோ... யாருடி?"

"என் ப்ளூபெல்."

வந்த கோபத்துக்கு போனை வெச்சிருப்பேன். ஆனா அவ நிஜமாவே அழுதுட்டு இருந்தா.

காட்டுக்குள்ள ஒரு குளம்!

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அவ இங்கிலாந்துல எம்.எஸ்ஸி. படிச்சா. முதல் தடவை வீட்டைவிட்டு அவ்வளவு தூரம். குளிரு, இருட்டு, பக்கத்து ரூம் ஆளோட பேர்கூடத் தெரியாத தனிமை. மூட்டை கட்டிட்டு வந்துடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தப்ப, ஏப்ரல் கடைசியில யாரோ பக்கத்துல இருக்கிற காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. "தூரத்துலேர்ந்து பார்த்தப்ப மரங்களுக்கு நடுவுல ஏதோ குளம் இருக்குன்னு நினைச்சேன். கிட்டப் போனா தண்ணி இல்லை... பூ!"ன்னா.

அதுதான் ப்ளூபெல். ஒரு தண்டு. அதுல குட்டிக் குட்டியா மணி மாதிரி நீலப் பூக்கள். ஒண்ணு ரெண்டு இல்லை, காட்டுத் தரை முழுக்க. உலகத்துல இருக்கிற இந்த வகை ப்ளூபெல்லில் கிட்டத்தட்ட பாதி பிரிட்டனில்தான் இருக்குன்னு சொல்றாங்க. ஒரு காட்டுல அது விரிச்சுக் கிடந்தா, அது நூற்றுக்கணக்கான வருஷப் பழைய காடா இருக்கலாம்னு அங்கே ஒரு அடையாளமாவே எடுத்துக்கிறாங்க. ஏன்னா, விதையிலேர்ந்து முளைச்ச ப்ளூபெல் பூக்கவே சுமார் அஞ்சு வருஷம் ஆகும். ஒரு காடு முழுக்கப் பரவ எத்தனை தலைமுறை வேணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அன்னிக்கு அந்தக் காட்டுல அவ மூட்டை கட்டுற ஐடியாவை மூட்டை கட்டிட்டா. அதனாலதான் இந்தப் பூ மேல அவளுக்கு அவ்வளவு பிரியம்.

பல்பு வாங்கினா!

சாக்ரமென்டோவுல வேலை, கல்யாணம், வாடகை வீடுன்னு செட்டில் ஆனதும் ஆசை முளைச்சிடுச்சு. 2020-ல லாக்டவுன்ல வீட்டோட இருந்தப்ப, 25 ப்ளூபெல் கிழங்கு வரவழைச்சா. கிழங்குக்கு இங்கிலீஷ்ல பல்புன்னுதானே பேரு? ஸோ, நிஜமாவே காசு கொடுத்து பல்பு வாங்கினா!

சாக்ரமென்டோ எப்படிப்பட்ட ஊருன்னு சொல்லணுமே. ஜூலை மாசம் சராசரியாவே பகல்ல 34 டிகிரி செல்சியஸ் அடிக்கும். 40-ஐத் தாண்டுற நாளும் உண்டு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழைங்கிற பேச்சே கிடையாது. மழையெல்லாம் குளிர்காலத்துலதான். நம்ம வேலூர் வெயில்ல வளர்ந்த பொண்ணு, அங்கே போயும் அதே வெயில்ல மாட்டிக்கிட்டா.

மேடம் என்ன பண்ணினாங்கன்னா, தொட்டிகள்ல நட்டு, சாயங்கால வெயில் நேரா அடிக்கிற சிமென்ட் மேடையில வரிசையா வெச்சாங்க. பிப்ரவரியில பச்சை மூக்கு எட்டிப் பார்த்துச்சு. வாட்ஸ்அப்ல எனக்கு தினம் ஒரு போட்டோ. ஏப்ரல்ல ரெண்டே ரெண்டு தண்டுல பூ. அதுக்கே ஊருக்கெல்லாம் மெசேஜ்.

மே மாசம் இலை மஞ்சளாக ஆரம்பிச்சுது. இங்கேதான் கதையே. 'வெயில் தாங்கலை போல, பாவம்'னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி. அப்பவும் மஞ்சள். கூடவே உரம். அப்பவும் மஞ்சள். காய்ஞ்ச இலைங்க அசிங்கமா இருக்குன்னு வெட்டிவிட்டா. ஜூன்ல, 'உயிரோட இருக்கா?'ன்னு வாரம் ஒரு தடவை மண்ணைத் தோண்டிப் பார்த்தா. ஜூலையில தோண்டினப்ப, விரல்ல ஒட்டினது கிழங்கு இல்லை... கொழகொழன்னு நாத்தம் அடிக்கிற ஏதோ ஒண்ணு.

25-ம் காலி.

டைம்டேபிள் தெரியுமா?

அவ அழுது முடிச்சதும் செஞ்ச முதல் நல்ல காரியம், அந்தச் செடியைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சது. படிச்சதை எல்லாம் எனக்கும் போன்ல பாடம் எடுத்தா. அதைச் சுருக்கமா உங்களுக்குச் சொல்றேன்.

ப்ளூபெல் வளர்றது மரத்தடியில. கோடையில அந்த மரங்கள் இலை விட்டு அடர்ந்துட்டா, தரைக்கு வெளிச்சமே வராது. அதனால, அதோட டைம்டேபிள் தலைகீழா இருக்கும். நாம எல்லாம் போர்வையைத் தேடுற இலையுதிர் காலத்துல அது மண்ணுக்குள்ள வேர் விட ஆரம்பிக்கும். குளிர் முடியறதுக்குள்ள இலையை மேலே அனுப்பும். மரங்கள் சோம்பல் முறிச்சு இலை விடுறதுக்குள்ள, கிடைக்கிற வெளிச்சத்தை அள்ளிக்கிட்டு, பூத்து, விதை போட்டு, ஜூன் வாக்கில் கடையைச் சாத்திடும். அப்புறம் கோடை முழுக்க மண்ணுக்கடியில் தூக்கம்.

அப்படின்னா, மே மாசம் மஞ்சளான இலை?

அது நோய் இல்லை பாஸ். வேலையை முடிச்ச இலை. தான் சமைச்ச சாப்பாட்டை எல்லாம் கிழங்குக்கு அனுப்பிட்டு விடைபெறுற இலை. இன்னொரு விஷயம், இங்கிலீஷ் ப்ளூபெல்லோட கிழங்கு வருஷா வருஷம் புதுசு. பழைய கிழங்கு தன்னைக் கரைச்சு பூவுக்குக் கொடுத்துடும். இலை சம்பாதிக்கிறதை வெச்சுத்தான் அதுக்குப் பதிலா புதுக் கிழங்கு உருவாகணும். அந்த நேரத்துல இலையை வெட்டினா, மாசக் கடைசியில சம்பளக் கவரைப் பிடுங்கின மாதிரி! பிரிட்டன் காடுகள்ல 'பாதையை விட்டு இறங்காதீங்க'ன்னு கெஞ்சுறதும் இதுக்காகத்தான். மிதிபட்ட இலை சம்பாதிக்காது. சம்பாதிக்காத செடி மறு வருஷம் இளைச்சுப் போகும். மிதிபட்ட இடம் தேற வருஷக்கணக்கா ஆகும்.

அடுத்தது, வெயில். கோடை வெயில்தான் கொன்னுடுச்சுன்னு அவ நினைச்சா. ஆனா, கோடை வெப்பம் அதுக்கு ஜென்மப் பகை இல்லை. சொல்லப்போனா, ப்ளூபெல் விதை முளைக்கவே முதல்ல கோடைக் கதகதப்பைக் கடக்கணும். அப்புறம் மண்ணு சுமார் 10 டிகிரிக்குக் குளிரணும். 'கோடை முடிஞ்சுது, குளிர் வந்தாச்சு'ன்னு ரெண்டு கையெழுத்தும் விழுந்தாத்தான் விதை நம்பி வெளியே வரும். என்ன ஒரு உஷார் பார்ட்டி!

அதுக்கு ஆகாதது வேற. வெதுவெதுப்பான மண்ணுல தேங்கி நிக்கிற ஈரம். தூங்குற கிழங்கு தண்ணி குடிக்காது. குடிக்காத தண்ணி சுத்தி நின்னா பூஞ்சை வரும், அழுகும். அதுவும் தொட்டி, சிமென்ட் தரை, சாயங்கால வெயில்னா தரையில் இருக்கிற மண்ணைவிட தொட்டி மண்ணு ரொம்பவே சூடாகும். அவ அக்கறையா செஞ்ச ஒவ்வொண்ணும் கிழங்குக்கு வெச்ச ஆப்பு.

"நான் பார்த்துப் பார்த்து செஞ்சதுதான்டி அதைக் கொன்னுச்சு"ன்னா. அந்த வரி எனக்கு அப்ப பெரிசாத் தெரியலை.

இங்கிலீஷா, ஸ்பானிஷா?

தண்ணியை நிறுத்தியிருந்தா மட்டும் பிழைச்சிருக்குமா? அதுவும் டவுட்தான். வசந்தம் சட்டுனு வெயிலா மாறுற ஊர்ல, இங்கிலீஷ் ப்ளூபெல்லோட இலை சீக்கிரமே காஞ்சுடும். சம்பாதிக்கிற நாள் குறையும். கிழங்கு வருஷத்துக்கு வருஷம் இளைக்கும்.

இங்கேதான் அதோட கசின் என்ட்ரி. ஸ்பானிஷ் ப்ளூபெல்! பொறந்த இடம் ஸ்பெயின், போர்ச்சுகல். அங்கேயும் மழை குளிர்காலத்துல, கோடையில வறட்டு வெயில். அதாவது, சாக்ரமென்டோவோட அதே டைம்டேபிள். ஸோ, கோடை கொளுத்துற ஊர்த் தோட்டக்காரங்களுக்கு ஏத்த சாய்ஸ் இதுதான்.

ரெண்டையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வைவா-ல கேட்டா உதவும், நோட் பண்ணிக்கோங்க. இங்கிலீஷ் ப்ளூபெல்லுக்கு வெட்கம் ஜாஸ்தி. தண்டு ஒரு பக்கமா வளைஞ்சு தலைகுனியும். பூ ஒல்லிக் குழாய் மாதிரி, நுனி சுருண்டிருக்கும். நல்ல வாசனை. மகரந்தம் வெண்மை. ஸ்பானிஷுக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். தண்டு நேரா, பூ சுத்திலும், அகலமான இலை. வாசனை கிடையாதுன்னே சொல்லலாம். மகரந்தம் பெரும்பாலும் நீலம்.

ஆனா, ஸ்பானிஷைக் கையில எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டுலேயே அது பிரிட்டன் தோட்டங்களுக்குள்ள அழகுக்காக வந்துடுச்சு. 1909-ல வேலி தாண்டி வெளியே வளர்றதைப் பதிவு பண்ணினாங்க. ரெண்டு கசினும் சேர்ந்து கலப்பினம் உருவாகி, இப்ப அங்கே அசல் ப்ளூபெல்லோட தனித்தன்மைக்கே சிக்கல் வருமோன்னு கவலைப்படுறாங்க. அசல் ப்ளூபெல்லைத் தோண்டித் திருடுறதும் நடந்துச்சு. அதனாலதான், வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம்னு 1981-ல போட்ட சட்டத்தோட பாதுகாப்புப் பட்டியல்ல 1998-ல ப்ளூபெல்லையும் சேர்த்தாங்க. காட்டுல தோண்டின கிழங்கை விற்கிறது அங்கே குற்றம்.

ஒரே பூ. ஒரு ஊர்ல விருந்தாளி, இன்னொரு ஊர்ல வில்லன். கலிஃபோர்னியா காடுகள்ல இந்த இனத்துச் சொந்த ப்ளூபெல் கிடையாது. ஸோ, அங்கே இந்தக் கலப்புப் பிரச்னை இல்லை. இருந்தாலும் ஸ்பானிஷ் பரவுற ரகம். தோண்டி எடுத்த மிச்சத்தை ஓடைப் பக்கம் வீசக் கூடாதுன்னு அவ ஒரு கண்டிஷன் வெச்சிருக்கா.

இன்னொரு குழப்பம். அமெரிக்காவுல ப்ளூபெல்னு பேர் இருக்கிற செடிகள் வேறயும் உண்டு. வர்ஜீனியா ப்ளூபெல் ஒண்ணு, டெக்சாஸ் ப்ளூபெல் ஒண்ணு. ரெண்டும் வேற வேற குடும்பம். வகுப்புல மூணு கார்த்திக் இருந்தா இனிஷியல் பார்த்துத்தானே கூப்பிடுவோம்? அதே மாதிரி, பாக்கெட்ல 'ஹயாசிந்தாய்டஸ் ஹிஸ்பானிகா'ங்கிற தாவரவியல் பேரைப் பார்த்துத்தான் வாங்கணும்.

டேக் டூ!

2021 நவம்பர்ல ரெண்டாவது ஆட்டம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய வேலி ஓக் மரம். கலிஃபோர்னியாவோட சொந்த மரம். குளிர்காலத்துல இலையை உதிர்த்துட்டு மொட்டையா நிக்கும். வசந்தத்துல இலை விட்டு, கோடையில குடை பிடிக்கும். இன்னும் ஒரு ஒற்றுமை, வளர்ந்த வேலி ஓக்குக்கும் கோடையில அடிமரத்துல தண்ணி பாய்ச்சினா ஆகாது, வேர் அழுகும். மரமும் பூவும் ஒரே கட்சி!

இந்தத் தடவை அவ ஃபாலோ பண்ணின ரூல்ஸ் இதோ. கோடை சுடும், ஆனா குளிர்காலம் நிஜமாவே குளிரும்ங்கிற ஊர்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்க யாருக்காவது வேணும்னா அனுப்புங்க.

1. நடுறது இலையுதிர் காலத்துல. அக்டோபர், நவம்பர். மண்ணு ஆறினதுக்கு அப்புறம்.

2. இடம், இலை உதிர்க்கிற மரத்தடி. இல்லைன்னா, காலை வெயில் மட்டும் படுற கிழக்குப் பக்கம். மேற்கு வெயிலுக்கு நோ என்ட்ரி.

3. ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர். இடைவெளியும் அதே அளவு. ப்ளூபெல் வேருக்குச் சுருங்குற சக்தி உண்டு. கிழங்கைத் தானே கீழே இழுத்துக்கும். அது உள்ளே போகப் போக, சூடும் குறையும்.

4. மண்ணுல மட்கின இலை. தண்ணி தேங்கவே கூடாது. தொட்டியைவிடத் தரை பெட்டர்.

5. இலை பச்சையா இருக்கிற வரைக்கும் ஈரம் வேணும். மழை ஏமாத்தினா தண்ணி ஊத்தலாம். மஞ்சள் ஆரம்பிச்சா, பைப்பை மூடிடணும்.

6. இலையை வெட்டக் கூடாது, முடிச்சுப் போடக் கூடாது. தானா காய்ஞ்சு கையோட வர்ற வரைக்கும் விட்டுடணும்.

7. புல்தரைக்குத் தண்ணி தெளிக்கிற குழாய் அந்தப் பக்கம் எட்டவே கூடாது. 'இங்கே ஆள் தூங்குது'ன்னு ஞாபகம் இருக்க ஒரு குச்சி நட்டுக்கோங்க.

பின்குறிப்பா ஒண்ணு. கிழங்கு, இலை, பூ எல்லாமே விஷம். வீட்டுல குழந்தையோ நாய்க்குட்டியோ இருந்தா உஷார்.

ஏழு ரூல்ல எது கஷ்டம்னு கேட்டேன். "அஞ்சாவது"ன்னா. "ஒண்ணும் செய்யாம இருக்கிறதுதான்டி கஷ்டம். வெறும் மண்ணைப் பார்த்துட்டு, உள்ளே இருக்குன்னு நம்பணும்."

2022 ஏப்ரல்ல ஏழெட்டுத் தண்டு பூத்துச்சு. மே மாசம் மஞ்சள். இந்தத் தடவை அவ பைப்பைத் தொடலை. அந்த வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி, சாக்ரமென்டோ நகரத்துல 46.7 டிகிரி. அந்த ஊர் சரித்திரத்துலேயே அதிகபட்ச வெப்பம்! 'எல்லாம் வெந்து கிழங்கு மசால் ஆகியிருக்கும்'னு நான் கிண்டல் பண்ணினேன். 2023 ஜனவரி கடைசி. குளிர்கால மழை வெளுத்து வாங்கி ஓய்ஞ்ச சமயம். குச்சிக்குப் பக்கத்துல பச்சை மூக்கு. முதல்ல ஒண்ணு, அப்புறம் கூட்டமா. 46.7 டிகிரியை அதுங்க தூங்கியே தாண்டிடுச்சுங்க.

யாருக்குத் தண்ணி ஊத்தினோம்?

இதோட முடிஞ்சிருந்தா இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

2023 மார்ச். பூ வர ஆரம்பிச்ச அதே வாரம், அவளுக்கு வேலை போச்சு. ஆபீஸ்ல ஒரு டீமையே எடுத்துட்டாங்க. கணவருக்குச் சம்பளம் வந்ததால வாடகைக்குப் பிரச்னை இல்லை. ஆனா, பன்னெண்டு வருஷமா வேலையே அடையாளம்னு இருந்தவ, திடீர்னு வீட்டுல.

நாங்க சும்மா இருப்போமா? வேலூர்லேர்ந்து அவங்க அம்மா தினமும் போன்: "இன்னிக்கு எங்கேயாவது அப்ளை பண்ணினியா கண்ணு?" காலேஜ் குரூப்ல அட்வைஸ் மழை. நான்? தினமும் காலையில எழுந்ததும் ரெண்டு வேலை விளம்பரத்தை அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டுத்தான் காபியே குடிப்பேன். என்ன ஒரு நல்ல ஃப்ரெண்ட்னு எனக்கு நானே ஷொட்டு வேற!

மெல்ல மெல்ல பதில் வர்றது குறைஞ்சுது. அப்புறம் ப்ளூ டிக் மட்டும். ஆகஸ்ட்ல ஒரு நாள் கோபமா போன் பண்ணினேன். "உன் நல்லதுக்குத்தானேடி சொல்றேன், பதில்கூடப் போட மாட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நிதானமா கேட்டா.

"இப்ப அந்த ஓக் மரத்தடியில யாராவது பைப்பைத் திறந்துவிட்டா நான் என்ன செய்வேன்?"

"கத்துவே."

"நீயும் அம்மாவும் அஞ்சு மாசமா என் மேல பைப்பைத் திறந்துவிட்டிருக்கீங்கடி. பத்தாததுக்கு, உயிரோட இருக்கேனான்னு தினம் தோண்டிப் பார்க்கிறீங்க."

எனக்குப் பேச்சே வரலை, ஃப்ரெண்ட்ஸ்.

"நான் சும்மா இல்லை. காலையில நடக்கிறேன். விட்டுப்போன பாடம் ஒண்ணைத் திரும்ப உட்கார்ந்து படிக்கிறேன். மூணு இடத்துக்குத்தான் அப்ளை பண்ணினேன், ஆனா யோசிச்சுப் பண்ணினேன். வெளியே காட்டுற மாதிரி எதுவும் இல்லை. அதான் சொல்லலை"ன்னா.

2021-ல அவ சொன்ன அந்த வரி அப்பத்தான் எனக்கு உறைச்சுது. 'பார்த்துப் பார்த்து செஞ்சதுதான் அதைக் கொன்னுச்சு.' சாரி சொன்னேன். மறுநாள்லேர்ந்து லிங்க் அனுப்பலை. வாரத்துல ஒரு நாள் போன். 'அப்ளை பண்ணினியா?' கட். 'என்ன சமைச்சே?' மட்டும்.

உங்க கிளாஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். நாலு அரியர் வெச்சுட்டு வாயே திறக்காதவன். பிளேஸ்மென்ட்ல எல்லாரும் செலக்ட் ஆகி, தான் மட்டும் விடுபட்டவ. ஒரு வருஷம் கேப் விட்டுட்டு வீட்டுல இருக்கிற சீனியர். தயவுசெஞ்சு தினம் தோண்டிப் பார்க்காதீங்க. மேலே இலை தெரியாத காரணத்தாலேயே உள்ளே ஒண்ணும் நடக்கலைன்னு முடிவு கட்டாதீங்க.

உடனே ஒருத்தர் கேட்பீங்க. "அப்ப தூங்குதுன்னு விட்டுட்டு, நிஜமாவே அழுகிட்டு இருந்தா?" நல்ல கேள்வி. கிழங்குலேயும் இது உண்டு. விரலால லேசா அழுத்தினா கல்லு மாதிரி இருந்தா தூக்கம். அமுங்கினா அழுகல். மனுஷங்களை அழுத்திப் பார்க்க முடியாது, கேட்டுத்தான் பார்க்கணும். சாப்பிடுறாங்களா? ராத்திரி தூங்குறாங்களா? பிடிச்ச விஷயம் ஒண்ணாவது இன்னும் பிடிக்குதா? இதுக்கெல்லாம் 'இல்லை'ன்னு பதில் வந்தா, அது ஓய்வு இல்லை. அப்ப ஒதுங்கி நிக்காதீங்க. பக்கத்துல போய் உட்காருங்க. வீட்டுப் பெரியவங்க, நம்பகமான புரொபசர், டாக்டர்னு யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போங்க. மத்திய அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம்.

நம்ம ஊர்ல வருமா?

கேட்பீங்கன்னு தெரியும். நேர்மையான பதில், வராது. சென்னை, திருச்சி, மதுரையில வெயில் மட்டும் பிரச்னை இல்லை. எழுப்பிவிடுற குளிர் கிடையாது. "ஊட்டி, கொடைக்கானல் குளிருமே?"ங்கிறீங்களா? குளிரும். ஆனா, அது காய்ஞ்ச மண்ணுல தூங்க வேண்டிய ஜூன், ஜூலையில ஊட்டியில தென்மேற்குப் பருவமழை பிச்சு உதறும். தூங்குற கிழங்குக்கு மழை, பார்த்தோமே... கொழகொழ!

வருத்தப்படாதீங்க. ப்ளூபெல்லோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு நம்ம ஊர்லயே இருக்கு. நரி வெங்காயம்! தாவரவியல்ல ரெண்டும் ஒரே துணைக்குடும்பம். வறண்ட நிலத்துல, மண்ணுக்கடியில பெரிய வெங்காயம் மாதிரி கிடக்கும். கொளுத்துற கோடையில, இலையே இல்லாம வெறும் தண்டு மட்டும் வெளியே வந்து பூக்கும். மழை வந்த பிறகுதான் இலை. அதுவும் விஷம்தான், ஸோ பார்க்கிறதோட நிறுத்திக்கோங்க. அதுக்கும் தனியா ஒரு டைம்டேபிள் இருக்கு பாருங்க. யாரும் அதுகிட்ட 'ப்ளூபெல் ஏப்ரல்லயே பூத்துடுச்சே, நீ ஏன் இன்னும்?'னு கேட்கிறதில்லை.

கடைசியா, அவ கதை. 2024 ஜனவரியில அவளுக்கு வேலை கிடைச்சுது. ஒரு வருஷ கான்ட்ராக்ட், பழைய சம்பளத்தைவிடக் குறைவு. "போதும், ஆரம்பிக்கலாம்"ன்னா. ஏப்ரல்ல ஒரு போட்டோ அனுப்பினா. ஓக் மரத்தைச் சுத்தி நீலம். எண்ணிப் பார்த்தாளாம், 61 தண்டு. இங்கிலாந்துல பார்த்த குளம் இல்லை, சின்னதா ஒரு குட்டை.

கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தா: "வாசனை மட்டும் இல்லைடி. பரவாயில்லை."

அடுத்த வாரம் பார்ப்போமா ஃப்ரெண்ட்ஸ்? அதுவரைக்கும், யாரையாவது தோண்டிப் பார்க்கிற ஆசை வந்தா ஒரு குச்சியை நட்டுட்டு நகர்ந்துடுங்க!